மருவும் மருந்தும்



1994-ஆம் ஆண்டில் நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். அவ்வகுப்பில் ஒரு மாணவன் தன் வலக்கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பான். அழைத்துக் கேட்டேன். விரல்களில் ஐந்தாறு மருக்கள். ‘ஒட்டிக்கொள்ளும்’ என்று உடன் அமர்ந்தவர்கள் விலகிவிட்டனர். யாரோ சொல்லக் கேட்டுச் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைத்ததில் தோல் வெந்து புண்ணாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வில் அவனால் பேனாவைப் பிடிக்க இயலவில்லை. மரு தந்த துன்பம் சிறிது. அறியாமை தந்த துன்பமே பெரிது.

மரு எதனால் உண்டாகிறது? பாப்பிலோமா என்னும் வைரஸ், தோலிலுள்ள சிறு கீறல் வழியே நுழைந்து, மேல்தோல் அணுக்களை அளவுக்கு மீறிப் பெருகச் செய்கிறது. 1907-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் சியுஃபோ, மருவை அரைத்து, பாக்டீரியாக்களும் புக முடியாத வடிகட்டியில் வடித்தெடுத்த நீரைத் தோலில் செலுத்தியபோது மரு தோன்றிற்று. பாக்டீரியாவினும் நுண்ணியதொன்றே காரணம் என்பது இதனால் விளங்கிற்று. ஆகவே மரு அழுக்கின் அடையாளமும் அன்று; பாவத்தின் பயனும் அன்று.

அதனை எவ்வாறு இனங்காண்பது? கைவிரல்களிலும் நகத்தைச் சுற்றிலும் வருவது சொரசொரப்பாகக் காலிபிளவர்ப் பூவைப் போன்றிருக்கும். உள்ளங்காலில் வருவது உடலின் பாரத்தால் உள்ளே அமுங்கித் தட்டையாகிவிடும். இதைப் பலர் கால் ஆணி என்று மயங்குவர். ஆணியை நேரே அழுத்தினால் வலி மிகும். மருவையோ இருபுறமும் பிடித்து நெரித்தால் வலி மிகும். மருவின்மேல் தோலின் கோடுகள் தொடர்ந்து செல்லா. அதில் தெரியும் கரும்புள்ளிகள் வேர்கள் அல்ல. இரத்தம் உறைந்த நுண்குழாய்கள். வழுவழுப்பாக, முத்துப்போன்று, நடுவில் சிறு குழியுடன் காணப்படும் பாலுண்ணியோ வேறொரு வைரஸால் வருவது.

இனி, மருத்துவம். சிறுவர்க்கு வரும் மருக்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் தாமே மறைந்துவிடுகின்றன. உடலின் எதிர்ப்பாற்றல் வைரஸை அடையாளங்கண்டு அழித்துவிடுவதே காரணம். அவ்வேளையில் எதைச் செய்திருந்தாலும் அதற்கே புகழ் சேரும். குதிரைமயிர் கட்டுவதும், கோயிலில் உப்பும் மிளகும் போடுவதும் இவ்வாறு பெயர் பெற்றவையே. உப்பும் மிளகும் போடுவோரை நான் குறைகூறவில்லை. அதனால் கை புண்ணாவதில்லை. சுண்ணாம்பும் பிளேடும் அத்தகையன அல்ல; அவை தழும்பையும் சீழையும் தரும்.

விரைவில் நீங்கவேண்டுமெனில், மருந்துக்கடையில் சாலிசிலிக் அமிலக் கரைசல் கிடைக்கும். மருவை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மேற்புறத்தை மெல்லத் தேய்த்து, சுற்றியுள்ள தோலில் வாசலைன் தடவி, மருவின்மேல் மட்டும் மருந்திடுக. நாள்தோறும் செய்யவேண்டும், பன்னிரண்டு வாரங்கள்கூட ஆகலாம். பொறுமையே இதற்குப் பத்தியம். முகத்திலும் மறைவிடத்திலும் இதனை இடுதல் ஆகாது. நீரிழிவு உள்ளவர்கள் தாமே இடலாகாது. மருத்துவர், பூஜ்யத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனால் மருவை உறையவைப்பதும் உண்டு. இரத்தம் கசிந்தாலோ, நிறம் மாறினாலோ, விரைந்து வளர்ந்தாலோ, முதியவர்க்குப் புதிதாகத் தோன்றினாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கவேண்டா.

பரவாமல் காப்பது எளிது. மருவைக் கிள்ளாதீர்கள், நகத்தைக் கடிக்காதீர்கள், துண்டையும் செருப்பையும் பிறரோடு பகிராதீர்கள். இவ்வளவே போதும்.

அன்று இச்செய்திகளையே அவ்வகுப்பில் எடுத்துச் சொன்னேன். மறுநாள் அவன் பக்கத்தில் இருவர் வந்து அமர்ந்தனர். மருக்கள் மறையப் பல மாதங்கள் ஆயின. கை மட்டும் அன்றே பையிலிருந்து வெளியே வந்தது. உங்கள் வகுப்பிலும் அத்தகைய ஒருவன் இருக்கக்கூடும். அவன் அருகில் அமர அஞ்சாதீர்கள்.