பேஸ்மென்ட்டில் பாத்ரூம், லாண்டரி: தண்ணீர் போக வழி இருக்கு... காற்றுக்கு வழி இருக்கா?

கனடாவின் டொரண்டோவில் போய் இறங்கும் பல தமிழர்களின் முதல் முகவரியில் ‘பேஸ்மென்ட்’ என்ற சொல் இருக்கும். வீட்டின் அடித்தளத்தில் ஒரு பாத்ரூம், பக்கத்திலேயே வாஷிங் மெஷின் என வசதி செய்து வாடகைக்கு விடுவது அங்கே சகஜம். வீட்டுக்காரருக்குக் கடன் தவணையில் ஒரு பகுதி அடைபடும். குடியிருப்பவருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு வீடு கிடைக்கும்.

டைல்ஸ், ஷவர் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால், மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போது ஷவர் டிரெயினில் ‘குளுக் குளுக்’ சத்தம் வந்தால்? கொஞ்ச நேரத்தில் சாக்கடை நாற்றமும் சேர்ந்துகொண்டால்? எத்தனை முறை கழுவினாலும் அந்த நாற்றம் போகாது. ஏனென்றால் பிரச்சினை தரையில் இல்லை, தரைக்கு அடியில் இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது அங்கே? கட்டுவதற்கு முன்பே எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

முதல் கேள்வி: சாக்கடை எவ்வளவு ஆழத்தில்?

தெற்கு ஒன்டாரியோவில் குளிர்காலத்தில் மண்ணே உறைந்துவிடும். அதனால் வீட்டின் அஸ்திவாரத்தைச் சுமார் 4 அடி ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு தோண்டியாச்சு, இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்குமே! பேஸ்மென்ட் அங்கே பரவலாக இருக்க இது ஒரு முக்கியக் காரணம்.

மாடியில் இருக்கும் பாத்ரூமுக்குக் கழிவுநீர் இறங்க உயரம் தாராளமாக இருக்கிறது. பேஸ்மென்ட்டில் அந்த வசதி கிடையாது. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் பிரதான குழாய், பேஸ்மென்ட் தரையைவிடப் போதுமான அளவு கீழே இருந்தால்தான் கழிவுநீர் தானாக ஓடும்.

ஒன்டாரியோ கட்டட விதிப்படி 3 இன்ச் வரையிலான டிரெயின் குழாய்க்கு 50க்கு 1 என்ற சரிவு வேண்டும். டாய்லெட்டுக்குக் குறைந்தது 3 இன்ச் குழாய் தேவை. அந்த டாய்லெட், பிரதான குழாயிலிருந்து 20 அடி தள்ளி இருந்தால் சரிவுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 5 இன்ச் ஆழம் போய்விடும். அவ்வளவு ஆழம் இல்லையா? டாய்லெட்டைப் பிரதான குழாய்க்குப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். அதுவும் முடியாவிட்டால், கழிவை மேலே தள்ளும் பம்ப் வைக்க வேண்டும். இந்தப் பம்ப் இருக்கும் குழிக்குக் காற்றுப்புகாத மூடி அவசியம், அதற்கென்று வென்ட் குழாயும் வேண்டும். கரன்ட் போனால் பம்ப் நிற்கும், பாத்ரூமும் நிற்கும்.

வளைவில் நிற்கும் தண்ணீர்தான் காவல்காரன்

ஒவ்வொரு டிரெயினுக்கும் அடியில் ஒரு வளைவு இருக்கும். அதுதான் ட்ராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடையில் உருவாகும் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். இந்த யோசனை பழசு. 1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற கழிவறையிலேயே ‘எஸ்’ வடிவ வளைவு இருந்தது.

ஆனால், இந்தக் காவல்காரனுக்குப் பலம் ரொம்பக் குறைவு. 2 இன்ச் உயரத் தண்ணீர் தாங்கும் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் வெறும் 0.5 சதவீதம்தான். குழாயில் தண்ணீர் மொத்தமாக ஓடும்போது பின்னால் வெற்றிடம் உருவாகும். அதை நிரப்பக் காற்று வேண்டும். வேறு வழி இல்லை என்றால், பக்கத்து ட்ராப்பில் உள்ள தண்ணீரை இழுத்துக்கொண்டு அந்த வழியாகக் காற்று புகும். ‘குளுக் குளுக்’ சத்தம் அதுதான். தண்ணீர் போனதும் நாற்றத்துக்குக் கதவு திறந்துவிடும். இப்படித் தன்னையே காலி செய்துகொள்ளும் ஆபத்து இருப்பதால், ‘எஸ்’ வடிவ ட்ராப்புக்கு இப்போது கனடாவிலும் அமெரிக்காவிலும் புதிய கட்டுமானங்களில் அனுமதி இல்லை.

வென்ட்: கூரை வரை போகும் மூக்கு

இதற்குத் தீர்வுதான் வென்ட் குழாய். டிரெயினிலிருந்து பிரிந்து, சுவர் வழியே ஏறிக் கூரைக்கு வெளியே திறக்கும். தேவைப்படும்போது காற்றை உள்ளே விடும், சாக்கடை வாயுவை மேலே அனுப்பும். கனடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. குழாயிலிருந்து வரும் ஈரக்காற்று, கூரை முனையில் உறைந்து பனியாக அடைத்துக்கொள்ளலாம். அதனால் கூரையைத் தாண்டும் இடத்தில் குழாயைக் குறைந்தது 3 இன்ச் அகலமாக வைக்கிறார்கள்.

பேஸ்மென்ட்டிலிருந்து கூரை வரை சுவரை உடைக்கணுமா என்று யோசித்து, பலர் குறுக்குவழி தேடுவது இங்கேதான். கைக்கு எட்டும் தூரத்தில் மேல்தள கிச்சன் சிங்கின் டிரெயின் குழாய் இருக்கும். அதில் வென்ட்டைச் சொருகிவிடுவார்கள். இது பெரிய தவறு. மேலே சிங்க்கைத் திறந்தால், காற்று வர வேண்டிய குழாயில் கழிவுநீர் வரும். ஏற்கெனவே உள்ள வென்ட்டுடன் இணைப்பதாக இருந்தால், அதைப் பயன்படுத்தும் மேல்தள சிங்க், பேசின் எல்லாவற்றின் விளிம்பையும் தாண்டிய உயரத்தில்தான் இணைக்க வேண்டும்.

ட்ராப்புக்கும் வென்ட்டுக்கும் இடையிலான தூரமும் முக்கியம். அந்த இடைவெளியில் குழாய் தன் விட்டத்தைவிட அதிகமாகக் கீழிறங்கக் கூடாது. இறங்கினால் காற்று வரும் வாயைத் தண்ணீர் மூடிவிடும். வென்ட் இருந்தும் பயனில்லை.

ஒரே வென்ட் எல்லாத்துக்கும் போதுமா?

பாத்ரூமுக்குள் ஒரு சிக்கனம் சாத்தியம். வாஷ்பேசினின் டிரெயின் குழாயை 2 இன்ச்சாகப் பெரிதாக்கினால், தண்ணீர் போக மீதமுள்ள இடத்தில் காற்றும் வரும். அதுவே டாய்லெட்டுக்கும் ஷவருக்கும் வென்ட்டாக வேலை செய்யும்.

வாஷிங் மெஷினை இதில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பேசினில் தண்ணீர் மெதுவாக இறங்கும். மெஷினோ பம்ப் வைத்து வேகமாகத் தள்ளும். அந்த வேகத்தில் குழாய் நிரம்பிக் காற்றுக்கு இடமே இருக்காது. அதற்கு 2 இன்ச் குழாய், தனி ட்ராப், தனி வென்ட் என்று வைத்து, பாத்ரூம் இணைப்புகளைத் தாண்டி, தண்ணீர் ஓடும் திசையில் சேர்ப்பதுதான் பாதுகாப்பு.

கனமழை வந்தால்?

2013 ஜூலை 8 அன்று டொரண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மி.மீ. மழை கொட்டியது. 2024 ஜூலை 16-ல் கிட்டத்தட்ட 98 மி.மீ. இரண்டு முறையும் பேஸ்மென்ட்களில் வெள்ளம். இத்தகைய மழையில் தெருச் சாக்கடை நிரம்பினால், கழிவுநீர் எதிர்த்திசையில் வரும். முதலில் பொங்குவது வீட்டிலேயே தாழ்வான பேஸ்மென்ட் டிரெயின்தான்.

அதைத் தடுக்க ஒருவழி வால்வு பொருத்தலாம். டொரண்டோ மாநகராட்சி இதற்கு மானியமும் தருகிறது. இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. புதிய பாத்ரூமும் லாண்டரியும் வால்வுக்கு வீட்டுப் பக்கமாக இணைய வேண்டும். தெருப் பக்கமாக இணைந்தால் அவற்றுக்குப் பாதுகாப்பே கிடையாது. அடுத்து, வால்வு மூடியிருக்கும்போது வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அந்த நேரத்தில் மாடியில் யாராவது குளித்தாலோ துணி துவைத்தாலோ, அந்தத் தண்ணீர் பேஸ்மென்ட்டில்தான் பொங்கும்.

கான்கிரீட் போடும் முன்...

* பிரதான குழாயின் ஆழத்தையும் நிலையையும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். பழைய களிமண் குழாய்களில் மர வேர் புகுந்திருக்கலாம்.
* டிரெயின், வென்ட் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, பெர்மிட் வாங்க வேண்டும்.
* குழாய்களில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்து, இன்ஸ்பெக்டர் ஓகே சொன்ன பிறகே மூட வேண்டும்.
* அடைப்பு எடுக்கும் வாயும் வால்வும் டைல்ஸுக்கு அடியில் புதையக் கூடாது.
* தரை டிரெயினின் ட்ராப், பயன்படுத்தாவிட்டால் காய்ந்துவிடும். அதற்குத் தண்ணீர் கிடைக்க ஏற்பாடு வேண்டும்.

கடைசி விஷயம் பேஸ்மென்ட்டுக்கு மட்டுமானது அல்ல. 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியது. பாத்ரூம் தரை டிரெயின்களில் காய்ந்துபோன ட்ராப்புகளும் ஒரு காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

டைல்ஸ் பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கு அடியில் தப்பாகப் போன குழாயை மாற்ற, தரையையே மறுபடி உடைக்க வேண்டும். அதுவரை அந்தக் காற்றைச் சுவாசிக்கப் போவது, மேலே இருக்கும் வீட்டுக்காரர் அல்ல, கீழே குடியிருப்பவர்தான்.