முதுமைக்கு முன்பே மூப்படையும் சுரப்பி

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. அதனால் பெரிய பயன் ஏதும் இல்லை என்றே மருத்துவ உலகம் வெகுகாலம் எண்ணியிருந்தது. 1961-ல் ஷாக் மில்லர் என்ற ஆய்வாளர் லண்டனில், பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து அதை அகற்றிப் பார்த்தார். குட்டிகள் தொற்றுகளைத் தாங்க முடியாமல் மடிந்தன. வேறு எலியின் தோலை ஒட்டவைத்தபோதும் அவற்றின் உடல் எதிர்க்கவில்லை.

எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் அணுக்கள் தைமஸுக்கு வந்துதான் நோயை எதிர்க்கும் டி செல்களாகத் தேறுகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படும். பிழைத்து வெளியே வருபவை சொற்பம்தான்.

இந்தச் சுரப்பி பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக்கொண்டே போய், முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள் மிஞ்சும். புதிய கிருமியை இனங்காணும் செல்கள் குறையும். முதியவர்களைக் கோவிட் கடுமையாகத் தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய நினைவும் முழுதாக நிலைப்பதில்லை. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புகளில் பல்லாண்டு பதுங்கியிருந்து, டி செல்கள் தளர்ந்ததும் அக்கியாக வெளிப்படுகிறது. காய்ச்சல்கூட முதியவர்கள் பலருக்குச் சரியாக வராது. நிமோனியா முற்றியிருக்கும்போதும் உடல் சுடாமல், திடீர்க் குழப்பமும் சோர்வும் மட்டும் தெரியலாம். ‘சுரம் இல்லையே’ என்று வீட்டார் காத்திருப்பது ஆபத்து.

முதுமை எதிர்ப்பாற்றலைக் குறைக்கிறது என்பது பாதிக் கதைதான். எதிர்ப்பாற்றலின் மூப்பு உடலையும் மூப்படையச் செய்யலாம் என்ற மறுபாதி என்னை அதிகம் வியக்கவைக்கிறது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஒரு மரபணுவை எலிகளின் ரத்த அணுக்களில் மட்டும் நீக்கினார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் சீக்கிரமே மூப்படைந்தன; கைவைக்காத மற்ற உறுப்புகளும் பின்னாலேயே மூப்படைந்தன. விரைவாக மூப்படையும் எலிகளுக்கு இளம் எலியின் மண்ணீரலிலுள்ள எதிர்ப்பு அணுக்களைச் செலுத்தியபோது திசுக்களில் மூப்பின் அடையாளங்கள் குறைந்தன.

மனிதர்களிடமும் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. இதய அறுவைச் சிகிச்சையில் வழிக்குக் குறுக்கே இருக்கிறதென்று தைமஸை எடுத்துவிடுவதுண்டு. பாஸ்டன் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, பெரியவர்களானபின் தைமஸ் எடுக்கப்பட்டவர்களில் 5 ஆண்டுகளுக்குள் இறந்தோர் 8.1 சதவீதம், அது எடுக்கப்படாமல் அதுபோன்ற அறுவை செய்துகொண்டவர்களில் 2.8 சதவீதம். புற்றுநோயும் ஏறக்குறைய இரு மடங்கு. இது பழைய பதிவுகளை ஒப்பிட்டுக் கண்டது, நேரடிச் சோதனை அல்ல. ஆனாலும் சுருங்கிப்போன தைமஸும் ஏதோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்று நம்ப இது போதும். முடிகிற இடத்தில் அறுவைக் கத்தி அதை விட்டுவைக்க வேண்டும்.