செவி ஆய்வுக் கருவியின் நுனியும் காப்புரிமை மேல்முறையீடும்

நத்தை ஓடு போன்று சுருண்ட உட்செவிப் பகுதி, ஒலியை ஏற்கும்போது தானும் மிக மெல்லிய ஒலியை எழுப்புகிறது. இவ்வுண்மையை 1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி டேவிட் கெம்ப் வெளியிட்டார். இதனைக் கொண்டு, பிறந்த சிசுவின் கேட்கும் திறனையும் பரிசோதிக்க இயலுகிறது.

இப்பரிசோதனையில் செவியினுள் செருகப்படும் புரோப் என்னும் சிறு கருவியில் நுண்ணிய ஒலிபரப்பியும் ஒலிவாங்கியும் உள்ளன. அதன் மென்மையான நுனி செவித் துவாரத்தை இடைவெளியின்றி அடைத்து நிற்றல் வேண்டும். இடைவெளி இருப்பின் வெளி இரைச்சல் உட்புகும். நுனியின் துளையைக் குறும்பி அடைத்துக்கொண்டால், குறையற்ற செவியும் குறைபாடுடையதாகத் தோன்றக்கூடும். பெற்றோர் வீணே கலங்குவர். ஆகவே நுனியைத் திருத்தியமைப்பது அற்பமான வேலையன்று.

அத்தகைய புதிய நுனியொன்றை அமைத்தவர் காப்புரிமை கோருகிறார் எனக் கொள்வோம். கண்ணுக்குத் தோன்றும் வடிவ அழகுக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டின், 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவு செய்தல் போதும். வடிவத்தால் விளையும் செயல்முறைப் பயனுக்குப் பாதுகாப்பு வேண்டின், 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தையே நாடவேண்டும். கட்டுப்பாட்டு அதிகாரி மனுவை நிராகரித்தால், மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் நீக்கப்பட்டதிலிருந்து, உயர் நீதிமன்றங்களே இவற்றை விசாரிக்கின்றன.

அங்கு எழும் முக்கிய வினா ஒன்றுண்டு. முன்பே வெளியான நுனிகளை அறிந்த, அத்தொழிலில் தேர்ந்த ஒருவர் இம்மாற்றத்தை எளிதில் எண்ணியிருக்கக்கூடுமா? கூடுமெனில், நுனி புதியதாயினும் பயனுள்ளதாயினும் காப்புரிமை கிட்டாது.

இக்கொள்கைக்கு 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எடுத்துக்காட்டாகும். மிர்ஸாபூரில் பாத்திரம் செய்வோர், கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். கூர்முனைத் தாங்கி முன்பே பழக்கத்தில் இருந்ததென்றும், அதனை இவ்வாறு பயன்படுத்துதல் பட்டறையில் செய்யும் சாதாரணத் திருத்தமே என்றும் கூறி, நீதிமன்றம் அவ்வுரிமையைச் செல்லாததாக்கியது.

செவி நுனிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். துளையைச் சற்றே அகலமாக்குதல் பட்டறைத் திருத்தமாகவே கருதப்படலாம். குறும்பி புகாமலும் ஒலி குன்றாமலும் இருக்க, பிறர் எண்ணியிராத அமைப்பைக் கண்டவரின் வழக்கு வலுவுடையது. பரிசோதனைக் களத்தில் இத்தகைய தீர்வைக் காண்போர், பழைய நுனியோடு ஒப்பிட்ட அளவீடுகளைத் தேதியுடன் குறித்துவைத்து, பிறருக்கு வெளியிடுமுன் மனுச் செய்தல் நலம்.