முறுக்கு டின்னோடு அடுப்பையும் அனுப்புவோமா?

கணினித் துறையில் வேலை செய்யும் பிள்ளை வீட்டில் இருந்தால், 'கொண்டெய்னர்', 'இமேஜ்' என்ற சொற்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஏறும் கொண்டெய்னரிடமிருந்து வந்த பெயர்தான் இது. உள்ளே எந்தச் சரக்கு இருந்தாலும் பெட்டியின் அமைப்பு ஒன்றே. எந்தக் கப்பலும் ஏற்றிக்கொள்ளும். மென்பொருளுக்கான அத்தகைய பெட்டியை 2013இல் வெளிவந்த டோக்கர் பரவலாக்கியது. மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் கட்டிவைத்த பொட்டலமே இமேஜ். தமிழ் படித்தவன் என்பதற்காக 'படம்' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். இமேஜ் என்றே எழுதுகிறேன்.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் கருவிகள் பெரும்பாலும் சிறியவை, சில மெகாபைட்தான். ஆனால் புதிதாக வேலைக்கு வந்தவர் அதைப் பொட்டலம் கட்டும்போது முழு லினக்ஸ், கம்பைலர், மூல நிரல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுவார். அளவு பல நூறு மெகாபைட் ஆகிவிடும். தீபாவளிக்கு ஜொகூரில் இருக்கும் மகனுக்கு முறுக்கு அனுப்பும் அம்மா, டின்னோடு அச்சையும் அடுப்பையுமா அனுப்புகிறார்?

2017இல் டோக்கரில் வந்த பல கட்டக் கட்டுமானம் இதற்கு வழி செய்தது. முதல் கட்டம் சமையலறை. இரண்டாவது கட்டம் டின். ஜேசன் தரவுகளைப் பிரித்தெடுக்கும் ஜேக்யூ என்ற இலவசக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழு முதல் கட்டத்தில் டெபியன் லினக்ஸில் கம்பைலரை நிறுவி, சோதனைகளை ஓட்டி, கருவியைக் கட்டுகிறது. தேவையான துணை நிரல்கள் யாவும் கருவிக்குள்ளேயே சேர்ந்துவிடும். இரண்டாவது கட்டம் 'ஸ்கிராட்ச்' என்ற வெற்றுப் பெட்டி. அதில் கருவியும், ஆசிரியர் பட்டியலும் உரிமக் கோப்பும் மட்டுமே போகின்றன. கடைசியாக அந்த வெற்றுப் பெட்டிக்குள்ளேயே கருவியை ஒருமுறை இயக்கிப் பார்க்கிறார்கள். ஓடவில்லை என்றால் இமேஜ் உருவாகவே செய்யாது.

இடம் மிச்சமாவது சின்ன லாபம்தான். பெரிய லாபம் பாதுகாப்பு. பெட்டிக்குள் ஷெல் இல்லை, நிறுவும் நிரல்கள் இல்லை என்றால், எப்படியோ உள்ளே நுழைந்த திருடனுக்கும் கையில் ஆயுதம் இல்லை. ஓட்டை கண்டுபிடித்து அடைக்க வேண்டிய பொருள்களும் குறைவு.

இன்னொன்றை நம் இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டும். இமேஜ் அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுகிறது. ஓர் அடுக்கில் கடவுச்சொல் கோப்பை வைத்துவிட்டு அடுத்த அடுக்கில் அழித்தாலும், கீழ் அடுக்கில் அது அப்படியே இருக்கும். பொதுவில் வெளியிட்ட பிறகு யாரும் தோண்டி எடுக்கலாம். அப்படி நடந்துவிட்டால் இமேஜை நீக்குவது போதாது. கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும்.

அளவுக்கு மீறிக் காலி செய்தாலும் சிக்கல். இணையத்தோடு பேசும் கருவி என்றால் சான்றிதழ் கோப்புகள் உள்ளே வேண்டும். இல்லையேல் எந்தப் பாதுகாப்பான இணையத்தளத்தையும் அது நம்பாது. நேர மண்டலக் கோப்பு இல்லாவிட்டால் சில கருவிகள் பிழை காட்டி நிற்கும், சில உலகப் பொது நேரத்தைக் காட்டும். கோலாலம்பூரில் காலை 9 மணிக்கு நடந்தது, பதிவில் அதிகாலை 1 மணி என்று இருக்கும். ஜேக்யூவுக்குச் சான்றிதழ் தேவைப்படாதது அதன் அதிர்ஷ்டம்.

வெளியிடும்போது இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு ஒன்று, 2020க்குப் பின் வந்த ஆப்பிள் மேக் போன்ற ஆர்ம் கணினிகளுக்கு ஒன்று எனக் கட்டி, ஒரே பெயரில் ஏற்றலாம். பயன்படுத்துபவரின் கணினிக்கு உரியது தானாக இறங்கும். 'லேட்டஸ்ட்' என்ற ஒட்டுச்சீட்டை மட்டும் நம்பாதீர்கள். அது இன்று ஓர் இமேஜையும் நாளை வேறோர் இமேஜையும் காட்டலாம். ஜேக்யூ 1.7 என்பதுபோல் பதிப்பு எண்ணோடு வெளியிட்டால், நேற்று வரை ஓடிய வேலை இன்று ஏன் நின்றது என்று இரவு 2 மணிக்குத் தேட வேண்டியிருக்காது.