ஊராட்சி வரை வந்த நெட் வீட்டுக்கு வருமா?

வாலாஜாபாத்—

பக்கத்து ஒரகடத்தில் கார் கம்பெனி ஓடுது. கிராமத்தில் நெட் ஓடுதா?

தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் அதிவேக இணையம் தர, ரூ.1,815 கோடியில் 'பாரத்நெட்' திட்டம். குமரி மாவட்டத்தில் 2022 ஜூனில் பணி தொடங்கியது. வாலாஜாபாத் ஒன்றியத்தின் 61 ஊராட்சிகளும் இதில் அடக்கம்.

கண்ணாடி இழைக் கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியே ஊராட்சி அலுவலகம் வரை வரும். அங்கிருந்து வீட்டுக்கு?

கேபிள்காரரோ கம்பெனியோதான் இழுக்கணும். டவுனில் ஒரே தெருவில் நூறு வீடு. கிராமத்திலோ பத்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர் கேபிள். கட்டுப்படி ஆகுமா?

சாதிச் சான்று, வருமானச் சான்று மனு எல்லாமே இப்போ ஆன்லைன். நெட் இல்லாதவருக்கு பஸ் செலவும் அரை நாள் கூலியும் போச்சு!

ஊராட்சி ஆபீசோடு நின்றால் போதாது. கடைசி வீட்டுக்கும் வரணும்!