கார் ஏ.சி.க்கு கியாஸ் பிடிக்க போறீங்களா? முதல்ல இதை படிங்க!

சென்னை:

வெயில் கொளுத்த ஆரம்பித்ததும் ஏ.சி. மெக்கானிக் கடைகளில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். "கியாஸ் காலிண்ணே, பிடிச்சா சில்லுனு ஆயிடும்" என்பதுதான் பல கடைகளில் கிடைக்கும் பதில். ஏ.சி. ஓடலைன்னா சவாரி போயிடுமே என்ற அவசரத்தில் வாடகை கார் டிரைவர்களும் தலையாட்டி விடுகிறார்கள். 2 மாதத்தில் மறுபடியும் அதே புழுக்கம், அதே செலவு.

கார் ஏ.சி. கியாஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றி சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் துளித்துளியாக குறையலாம். சட்டென்று காலியானால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அதை அடைக்காமல் கியாஸ் பிடிப்பது ஓட்டை குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

சில நேரம் கியாஸ் சரியாகவே இருக்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் மண் அப்பியிருந்தாலோ, கேபின் பில்டர் அடைத்திருந்தாலோ கூட குளிர் வராது. அதை முதலில் பார்க்க சொல்லுங்கள்.

கசிவை சரி செய்ததும் வேக்குவம் பம்பு போட்டு குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். "அதெல்லாம் வேணாம் சார்" என்று சொல்லும் கடையில் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது. உள்ளே ஈரம் தங்கினால் வால்வில் ஐஸ் கட்டி அடைக்கும், நாளடைவில் உலோகத்தையும் அரிக்கும்.

எவ்வளவு கியாஸ், எந்த ரகம் என்பது பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன கார்கள் பலவற்றுக்கு அரை கிலோ கூட தேவைப்படாது. அதை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். கூடுதலாக அடைத்தால் குளிர் கூடாது, பிரஷர் ஏறி கம்ப்ரசர்தான் காலியாகும். இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ. சில புது மாடல்களில் 1234ஒய்.எப். ஓசோனை கெடுக்கும் பழைய ஆர்-12, மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டு விட்டது.

காசு மிச்சம் என்று சமையல் கியாசை ஏற்றுவது உயிருக்கே உலை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால், மூடிய காருக்குள் ஒரு தீப்பொறி போதும்.

டின் வாங்கி வீட்டிலேயே பிடிப்பவர்களும் உண்டு. என்ஜின் ஓடும்போது 'எச்' என்று போட்ட மூடி பக்கம் டின்னை மாட்டவே கூடாது. அந்த பக்க பிரஷர் டின்னுக்குள் திரும்பினால் வெடிக்கும். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. நெருப்பு பட்டால் இந்த கியாஸ் விஷப்புகையாகும்.

வேலை முடிந்ததும் எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை குளிர் குறைந்து, பாக்கி எவ்வளவு இருக்கிறது என்று எடுத்து எடை போடும்போது அந்த சீட்டு உதவும்.