கப்பலில் வாக்கி டாக்கி... எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது?

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் 'கப்பல்' என்று சொல்லிப் பாருங்கள். 'ரஜூலா', 'சிதம்பரம்' என்று இரண்டு பெயர்கள் உடனே வரும். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களின் கப்பல்கள் அவை. 1985-ல் 'எம்.வி. சிதம்பரம்' தீ விபத்துக்குள்ளான பிறகு அந்தப் பயணம் நின்றே போனது.

இப்போது நாம் கப்பல் ஏறுவது பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்குக்காக! 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது. மறு வருடம் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டு வந்தது. திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் சுற்றி வருகிற குடும்பங்களும் உண்டு. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளை, பெண், மாப்பிள்ளை, சம்பந்தி, பேரன் பேத்தி என்று பத்துப் பன்னிரண்டு பேராகக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான்!

இப்படிப் போகிறவர்களில் சிலர் பெட்டியில் வாக்கி டாக்கியும் வைத்துக்கொள்கிறார்கள். மகாமகத்தின்போது குளக்கரையில் போலீஸ்காரர் கையில் பார்த்தோமே, அதன் சின்ன வடிவம். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் செல்போனுக்கு டவர் கிடையாது. கப்பலின் இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு. தாத்தா ஒரு தளத்தில், பேரன் ஒரு தளத்தில். 'ஆளுக்கொரு வாக்கி டாக்கி இருந்தால் சௌகரியம்' என்று தோன்றுவது இயற்கை. சௌகரியம்தான். ஆனால், அதற்கு ஒரு முறை இருக்கிறது. அது தெரியாவிட்டால் மானமும் போகலாம், சில நேரம் உயிருக்கே ஆபத்தும் வரலாம். ஒரு மருத்துவர் இந்தச் சமாசாரத்தை எழுத வேண்டிய அவசியம் அதனால்தான் வந்தது.

ஊருக்கே கேட்ட லேகியம்!

என்னிடம் மூல நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்பவர் அவர். பாபநாசம் பக்கம். வயது அறுபத்தேழு. கருணைக்கிழங்கு லேகியம் கொடுத்திருந்தேன். நார்ச்சத்துள்ள சாப்பாடு, நிறைய தண்ணீர் என்று நன்றாகவே தேறி வந்தார். குடும்பத்தோடு கப்பல் பயணம் போய்விட்டு வந்தவர், பழையபடி ரத்தப்போக்கோடு எதிரே உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு? மருந்து சாப்பிட்டீங்களா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"நாங்க எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம் டாக்டர். சம்பந்தி வீட்டுக்காரங்களும் பக்கத்துல. மேஜை மேல நாலு வாக்கி டாக்கி. திடீர்னு மருமக குரல்... 'அத்தே, மாமாவோட மூல லேகியம் எந்தப் பையில இருக்கு? காலையில ரொம்ப அவஸ்தைப்பட்டாங்களே'ன்னு. நாலுலேயும் ஒரே நேரத்துல கேக்குது. பக்கத்து மேஜைக்காரங்ககூடத் திரும்பிப் பார்த்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... அந்த லேகியத்தைத் தொடவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கும் சரியாப் போகலை. கேபின்லேயே கிடந்தேன்."

மருமகள்மேல் தப்புச் சொல்ல முடியாது. மாமாமேல் உள்ள அக்கறையில்தான் கேட்டிருக்கிறார். டெலிபோனில் பேசுகிற மாதிரி நினைத்துவிட்டார், அவ்வளவுதான். டெலிபோன் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் ரகசியப் பேச்சு. வாக்கி டாக்கியோ தெருமுனையில் நின்று கூப்பிடுகிற மாதிரி! அதே சானலில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். உங்கள் குடும்பத்துக்கு மட்டுமல்ல, அதே சானலைப் போட்டிருக்கும் முன்பின் தெரியாதவருக்கும் கேட்கும்.

'இதில் பிரைவசி கோடு இருக்கு' என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். நம்பிவிடாதீர்கள். மற்றவர்களின் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கத்தான் அந்தக் கோடு. உங்கள் பேச்சை அது மூடி மறைக்காது.

ஆகவே, முதல் விதி இது. வியாதி, மருந்து, மாதவிலக்கு, வயிற்றுப்போக்கு, பணம், கேபின் நம்பர், சண்டை... இவை எதையும் அதில் பேசக்கூடாது. 'கேபினுக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போங்க' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம்...

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். பெட்டியின் மேல் 'ஐந்து கிலோமீட்டர் வரை கேட்கும்' என்று போட்டிருக்கும். அறுவடை முடிந்த ஒரத்தநாட்டு வயல்வெளியில் நின்றால் ஓரளவு தூரம் கேட்கலாம். கப்பல் அப்படியல்ல. தரை, கூரை, சுவர் எல்லாம் இரும்பு. ரேடியோ அலைக்கு இரும்பு பெரிய தடை. நடுவில் மூன்று நான்கு தளங்கள் வந்துவிட்டால் கரகர சத்தம்தான் மிஞ்சும். சில இடங்களில் அதுவும் இருக்காது.

இப்போது ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ள பாட்டி. காலையில் இன்சுலின் போட்டாயிற்று. அலை ஆட்டத்தில் குமட்டல், சரியாகச் சாப்பிடவில்லை. 'நான் படுத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க' என்கிறார். கையில் ஒரு வாக்கி டாக்கியைக் கொடுத்து, 'ஏதாவதுன்னா கூப்பிடுங்க பாட்டி' என்று சொல்லிவிட்டு எல்லோரும் மேல் தளத்துக்குப் போய்விடுகிறார்கள். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், மூளை தடுமாறும். பட்டனை அழுத்திக்கொண்டு பேச வேண்டும் என்பதே அந்த நிலையில் மறந்துபோகும். பேரனோ, 'பாட்டி கூப்பிடலை, தூங்கறாங்க போல' என்று நினைத்துக்கொள்வான்.

பதில் வரவில்லை என்றால் 'நலமாக இருக்கிறார்' என்று அர்த்தமல்ல. இதை மனசில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு முறை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை கூப்பிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் கேபினுக்கு நடக்க வேண்டும். இன்னொருவர் அருகில் உள்ள கப்பல் ஊழியரிடமோ, வரவேற்பு மேஜையிலோ சொல்ல வேண்டும்.

கேபினில் இருக்கும் டெலிபோன் கம்பி வழியே வேலை செய்வது. இரும்புச் சுவர் அதைத் தடுக்காது. கப்பலில் ஏறிய முதல் ஒரு மணி நேரத்திலேயே அவசர உதவிக்கு எந்த எண், மருத்துவ மையம் எந்தத் தளத்தில் என்று கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி, பாட்டியின் கட்டில் பக்கம் ஒட்டிவிடுங்கள்.

சர்க்கரை இறங்கியவர் நினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே கப்பல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் இந்த நேரத்தில் சூரணம் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது என்றுதான் சொல்வேன்.

'ங்க' போட மறக்காதீங்க!

வாக்கி டாக்கியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீங்கள் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை எதிராளி பேசுவது உங்களுக்குக் கேட்காது. நம்ம ஊர்க் கச்சேரிகளில் இரண்டு தவில் வித்வான்கள் மாறி மாறி வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு ரசிப்பார். அந்தப் பொறுமை இங்கேயும் வேண்டும்.

முதலில் சானலில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேளுங்கள். பிறகு பட்டனை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். அழுத்திய உடனே பேசினால் முதல் வார்த்தை விழுந்துவிடும். கூப்பிடுகிறவர் பெயரை முதலில், உங்கள் பெயரைப் பிறகு சொல்லுங்கள். "தாத்தா, நான் கார்த்தி பேசறேன். சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல நிக்கறோம், வாங்க தாத்தா. முடிஞ்சுது." இவ்வளவு போதும்! கடைசியில் 'முடிஞ்சுது' என்றால் எதிராளிக்குத் தன் முறை வந்தது தெரியும்.

சுருக்கமாகப் பேசுகிற அவசரத்தில் நமக்கு மரியாதை நழுவிவிடுகிறது. 'எங்க இருக்க?', 'மேல வா' என்று குரல் போகும். எடுத்திருப்பவர் மாமனாராக இருப்பார்! 'ங்க' சேர்க்க அரை நொடிகூட ஆகாது.

வரப்பில் நின்று எதிர்க்கரை ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை நமக்கு. இதற்கு அது வேண்டாம். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசினாலே தெளிவாகப் போகும். கத்தினால்தான் குழறும்.

அடுத்த கேபின்காரர் தூங்கட்டும்

சாப்பாட்டுக் கூடம், நாடக அரங்கம், லிஃப்ட் - இங்கெல்லாம் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுங்கள். ஒற்றைக் காது இயர்போன் மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. இரவு பத்து மணிக்கு மேல் நடைபாதையில் பேச்சே வேண்டாம். கேபின் சுவர்கள் நம் வீட்டுச் சுவர் போலத் தடிமனாக இருக்காது. அந்தப் பக்கம் ஒரு இதய நோயாளி தூங்கிக்கொண்டிருக்கலாம், ஒரு கைக்குழந்தை இப்போதுதான் கண் மூடியிருக்கலாம். 'டிங்... டிங்' என்று அழைப்பு மணியை வைத்துக் குழந்தைகள் விளையாடினால் அன்பாகச் சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள்.

கடல் மயக்கம் வந்தவர் பக்கத்தில் இந்தக் கரகர சத்தம் ஆகவே ஆகாது. கண் பார்ப்பது ஒன்று, உள்காது உணர்கிற ஆட்டம் வேறொன்று. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. காற்றாட உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிட்டிகை சுக்குத்தூளை வெந்நீரில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வாக்கி டாக்கியைச் சட்டைப் பையில் வைக்கவே கூடாது. கருவிக்கும் நெஞ்சுக்கும் நடுவே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். கிளம்புவதற்கு முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாங்கும் முன்னே...

*கப்பல் கம்பெனியிடம் முதலில் கேளுங்கள். சில கப்பல்களில் வாக்கி டாக்கி கொண்டுவரவே அனுமதி கிடையாது.

*நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். மற்றவற்றுக்கு வேண்டும். அனுமதியில்லாத வாக்கி டாக்கிகள் ஆன்லைனில் விற்கப்படுவதைத் தடுக்க, 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி நெறிமுறைகளே வெளியிட்டது. எனவே பெட்டியில் அலைவரிசை எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

*அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை வாங்கி வந்த செட்டா? அங்கே குடும்ப உபயோகத்துக்கு விற்பவை 462, 467 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். இங்கே அவற்றுக்கு விலக்கு இல்லை. கப்பல் ஊழியர்களின் கைக்கருவிகளும் 457, 467 பக்கத்தில்தான் வேலை செய்கின்றன. உங்கள் அரட்டை அவர்கள் வேலைக்கு இடைஞ்சல் ஆகலாம்.

*வேறு நாட்டுத் துறைமுகத்தில் இறங்கினால் அந்த நாட்டுச் சட்டம்தான். தெரியாவிட்டால் கருவியைக் கேபினிலேயே அணைத்து வைத்துவிட்டு இறங்குங்கள்.

*உதிரி லித்தியம் பேட்டரியை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும்.

'நாம் பேசுவதால் கப்பலுக்கு என்ன வந்துவிடும்?' என்று அலட்சியம் வேண்டாம். 1912 ஏப்ரல் 14 இரவு, 'டைட்டானிக்' கப்பலின் வயர்லெஸ் ஊழியர் பயணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்புவதில் மும்முரமாக இருந்தார். அருகிலிருந்த 'கலிபோர்னியன்' கப்பல், பனிக்கட்டி சூழ்ந்து தாங்கள் நின்றுவிட்டதாகச் செய்தி சொல்ல வந்தது. 'குறுக்கே பேசாதீர்கள், வேலையாக இருக்கிறேன்' என்ற பாணியில் பதில் போனது. கலிபோர்னியன் ஊழியர் கொஞ்ச நேரத்தில் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். டைட்டானிக் உதவி கேட்டுக் கூவியபோது, அருகிலிருந்த அந்தக் கப்பலில் கேட்க ஆள் இல்லை. கடலில் அவசரச் செய்திக்கு எப்போதும் வழிவிட்டே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

வாக்கி டாக்கி இல்லாமலும் சமாளிக்கலாம். 'ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்து வாசல், நாலரைக்குக் காபி, ஏழுக்குத் தாத்தா கேபின்' என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பிய படகுச் சேவை மாதிரியான சில மணி நேரப் பயணத்துக்கு அதுவும் தேவையில்லை. எல்லோரும் ஒரே கூடத்தில்தானே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்!

'சாப்பிட வாங்க', 'இங்கே இருக்கோம்', 'டால்பின் தெரியுது, ஓடி வாங்க'... இதற்கெல்லாம் வாக்கி டாக்கி தங்கமான துணை. மானக் காரியத்துக்குக் காலால் நடந்து போய் நேரில் பேசுங்கள். உயிர்க் காரியத்துக்குக் கேபின் டெலிபோனை எடுங்கள். இந்த இரண்டையும் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். பயணம் சுகமாக அமையட்டும்!